நாற்பத்திரண்டாம் நாள்

9

அந்த வீட்டில் இப்போது யார் உட்கார்ந்தாலும் கால் தரையில் படுவதில்லை. அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் அப்பாவின் கைவேலை. குட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று தேதி குறித்ததும், தாழ்வான இருக்கையில் அவள் உட்காரவே கூடாது, முட்டியைவிட இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னது ஒரே ஒரு நாற்காலியை மனத்தில் வைத்து. அப்பா தச்சர். ஒரு நாற்காலியோடு நிறுத்துகிற ஆளா? கட்டில், சோபா, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நான்கு நாற்காலிகள், வாசலில் செருப்பு மாட்டுகிற பெஞ்சு எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு அங்குலக் கட்டை வைத்து முடுக்கிவிட்டார். மேசையை மட்டும் மறந்துபோனார். ஆறு வாரமாக அவரும் அம்மாவும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்துதான் சாப்பிடுகிறார்கள். குனியக் கூடாத குட்டி தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்ப்பாள்.

முதலிலிருந்து கூட வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. குட்டிக்கு வயது இருபத்தெட்டு. வீட்டில் இருக்கிற மூன்று பேரில் அவள்தான் உயரம். ஆனாலும் பெயர் குட்டிதான். நகரப் பேருந்து டிரைவர். ஏழாம் நம்பர் வண்டி. இடது தொடை எலும்பின் பந்து உட்காருகிற கிண்ணம் பிறவியிலேயே ஆழம் போதாமல் இருந்தது. ஐந்து வருடம் கிளட்ச் மிதித்ததில் அந்த இடம் தேய்ந்து, கடைசியில் ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் காலை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. கிண்ணத்தையும் பந்தையும் புதிதாக மாற்றினார்கள்.

"நாற்பத்திரண்டாம் நாள்!" என்று கட்டிலிலிருந்து இடது காலை முன்னால் நீட்டி எழுந்தாள் குட்டி.

"நாற்பத்தொண்ணு," என்றார் அப்பா கதவருகிலிருந்து. "ஆபரேஷன் பண்ண நாளைச் சேர்க்கக் கூடாது."

"கத்தி விழுந்தது யார் தொடையில? கணக்கும் என்னோடதுதான்."

"சரி, நாற்பத்திரண்டு." அப்பா உடனே இறங்கி வந்தார். அன்று அவர் எதற்கும் வாதம் செய்கிற நிலையில் இல்லை. ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு மாட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட வர முடியாது. அந்தத் தவிப்பில் ஒரே பென்சிலை இரண்டு காதிலும் மாறி மாறிச் செருகிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா என்ன சொன்னாலும் உடனே போன் பண்ணணும். ரம்பம் ஓடிட்டிருந்தாலும் எடுப்பேன்."

"ரம்பத்தை நிறுத்திட்டு எடுங்க," என்றாள் அம்மா. "கையில பத்து விரலும் வேணும்."

குட்டி சாக்ஸ் மாட்டுகிற வித்தையை அம்மா தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். வளைந்த பிளாஸ்டிக் தகட்டில் சாக்ஸைப் போர்த்தி, தரையில் போட்டு, அதற்குள் காலை நுழைத்து, இரண்டு கயிற்றையும் பிடித்து இழுக்க வேண்டும். முதல் வாரம் அதற்கு இருபது நிமிடம் ஆனது; அழுகையும் வந்தது. இன்றைக்கு ஒரே இழுப்பு.

"பார்த்தியா!" என்றாள் குட்டி.

"பார்த்தேன், பார்த்தேன். வாசல்ல கார் நிக்குது, கிளம்பு."

காரில் போகும்போது குட்டி ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தாள். ஆறு வாரமாக மல்லாந்து படுத்து, கால்களுக்கு நடுவே தலையணையோடு, கூரையிடம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. திரும்ப அந்த சீட்டில் உட்கார முடியுமா? 'டிப்போ ஆபீஸ்ல ஒரு மேசை வேலை போட்டுத் தர்றோம்' என்று சொல்லிவிடுவார்களோ? அவள் அந்த வேலைக்கு வந்ததே அந்தப் பெரிய ஸ்டியரிங்குக்காகத்தான்.

"உதட்டைக் கடிக்காதே," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா.

"நான் கடிக்கலையே."

"கடிச்சே. எனக்குத் தெரியும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு," என்றார் கடைசியில். "யார் பண்ண ஆபரேஷன் இது?"

"நீங்கதான் டாக்டர்."

"அதானே பார்த்தேன்."

அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் சிரித்தார். நரைத்த தலை; ஆனால் பரீட்சை முடிந்த பெண்ணின் சிரிப்பு.

"ரெண்டு ஊன்றுகோலையும் இன்னிக்கே திருப்பிக் குடுத்திடுங்க. ஒரு கைத்தடி போதும். வலது கையில பிடிக்கணும், மறந்துடாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதுவும் வேண்டாம்."

"பஸ்?"

"ஏறறதுக்குக் கேக்கறீங்களா, ஓட்டறதுக்கா?"

"ஓட்டறதுக்கு." குட்டி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"பன்னிரண்டு வாரம் முடியட்டும். இதே மாதிரி போனா, ஏன் ஓட்டக் கூடாது? உங்க வண்டி கிளட்ச் கல்லு மாதிரின்னு சொன்னீங்க. டிப்போ டாக்டர் முன்னால மிதிச்சுக் காட்டணும். அதுவரைக்கும் பயணியா ஏறலாம், இறங்கலாம்."

ஏன் ஓட்டக் கூடாது! குட்டி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது.

அடுத்தது பயிற்சி அறை. ஊன்றுகோல்களை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கைத்தடியை அங்கேதான் வாங்கிக்கொண்டாள். அங்கே இருந்தவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் ஒன்-டூ. நடக்க வைப்பார், படி ஏற வைப்பார், எல்லாவற்றுக்கும் ஒன், டூ என்று தாளம் போடுவார். மூன்று என்ற எண் அவருக்குத் தெரியாது என்று ஒரு வதந்தி உண்டு.

அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு எதிரே இரண்டு நீளக் கைப்பிடிக் கம்பிகள்.

"தடியை அங்கே வெச்சுடுங்க. கம்பிக்கு நடுவுல பத்து அடி, கையைத் தூக்கிட்டு. இடுப்பு ஒரு பக்கம் இறங்கக் கூடாது. தலையில தண்ணிக் குடம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒன்... டூ..."

குட்டி நடந்தாள். கண்ணாடியில் அவளைப் போலவே ஒருத்தி நடந்து வந்தாள். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இடுப்பு இறங்கவில்லை. வருடக்கணக்காகக் கடை ஜன்னல்களைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். தன் நடையைத் தானே பார்க்கப் பிடிக்காது. இப்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

"அம்மா! பாரேன்!"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். தொண்டை காயப்போகுது, இந்தா." அம்மா சுவரோரம் இருந்த பெஞ்சிலிருந்து எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அறையின் மறுகோடிக்கு வந்தாள்.

கண்ணாடியில் இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். முன்னால் குட்டி. அவள் தோளுக்குப் பின்னால், ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து, உடம்பை வீசி, மறு காலைத் தூக்கிப் போட்டு வந்துகொண்டிருந்தது குட்டியின் பழைய நடை.

"ஒன்..." என்றார் ஒன்-டூ. டூ வரவில்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டி நின்றுவிட்டாள். இதை எப்படி இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தாள்? அம்மா நடப்பதை யார் கவனிக்கிறார்கள்? அழுத்தமாக ஓர் அடி, லேசாக ஓர் அடி. அது அம்மா வருகிற சத்தம், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அம்மா ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த உயரமான ஸ்டூலில்தான் வேலை. அங்கே போனாலும் உட்கார்ந்த அம்மாவைத்தான் பார்க்க முடியும்.

"அம்மா, இது எத்தனை நாளா?" என்று மெதுவாகக் கேட்டார் ஒன்-டூ.

"எது?"

"இந்த நடை."

"அதுவா? அது என் நடைங்க." அம்மா பாட்டிலின் மூடியைத் திறந்து குட்டியிடம் நீட்டினாள். "அவளுக்கு வந்தது வியாதி. என்னோடது நடை."

ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட்டம் இல்லை. அம்மாவை ஒரு மேசையில் உட்காரச் சொன்னாள் குட்டி.

"நீ உட்காரு, நான் டீ வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்தாள் அம்மா.

"நான் வாங்கறேன்."

குரலில் இருந்தது அம்மாவுக்குப் புரிந்தது. திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு வாரமாக இரண்டு கையும் ஊன்றுகோலுக்கே சரியாகப் போய்விட்டன. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட குட்டி எங்கேயும் எடுத்துக்கொண்டு போனதில்லை. வலது கையில் தடி, இடது கையில் டீ. கவுண்டரிலிருந்து மேசைக்குப் பதினான்கு அடி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மா முன்னால் வைத்துவிட்டு, தனக்கான டீயை எடுக்க மறுபடி போனாள். அவள் கோபமாக இருந்தாள். ஆனால் கோபத்துக்கு நடுவிலும் அந்தப் பதினான்கு அடி அவளுக்கு இனித்தது.

உட்கார்ந்ததும் கேட்டாள். "முதல் நாள் இங்க வந்தப்போ, வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டான்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லைன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"எனக்குப் பத்தொன்பது வயசுல முதல் தடவை வலிச்சப்போ உன்கிட்டதான் வந்து சொன்னேன். வளர்ற வயசு, சரியாயிடும்னே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது." அம்மா டீயைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "சந்தேகம்தான். நீ கை வெச்சுக் காட்டினே பாரு, எனக்கும் அதே இடத்துலதான் வலிக்கும்."

குட்டி தன் டீயை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கைக்குழந்தையா இருக்கறப்பவே தெரிஞ்சிருந்தா கத்தியே வேண்டாம், இடுப்புல பட்டை கட்டியே சரி பண்ணியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அன்னிக்கு என் வாய் அடைச்சுப்போச்சு. என் வயித்துலேருந்துதான் உனக்கு இது வந்துச்சு, அதையும் நான் வாயை மூடிட்டு இருந்து கெடுத்தேன்னு எப்படிடீ சொல்லுவேன்? உன்னை அறுத்து வெச்சிருக்கறப்போ வெளியே உட்கார்ந்து நாலு மணி நேரம் அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்."

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நான் கோபமா இருக்கேன்," என்றாள் குட்டி.

"தெரியுது. மூக்கு சிவந்திருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்பேன்."

"இரு. டீயைக் குடிச்சிட்டு இரு, ஆறிடும்."

குட்டி டீயைக் குடித்தாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்போதுதான் இன்னொன்று பளிச்சென்று உறைத்தது.

"அம்மா, அஞ்சு வருஷமா உன் கடை வாசல்லதான் என் பஸ் நிக்குது. ஒரு நாள்கூட நீ ஏறினதில்லை. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிட்டு நடந்தே வீட்டுக்குப் போவே. நான் ஓட்டறதுல உனக்குப் பயம்னு நினைச்சேன். டிப்போவுல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"சே, நீ ஓட்டறதுக்கு என்ன? நீ வந்து நிறுத்தற அழகை எத்தனை நாள் கல்லாவை விட்டுட்டுப் பார்த்திருக்கேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "முதல் படி ரொம்ப உயரம்டீ. பஸ் நிறைய ஜனம். என் பொண்ணு டிரைவர் சீட்டுல உட்கார்ந்திருக்கறப்போ நான் தவழ்ந்து ஏறணுமா?"

குட்டி மேசைக்கு மேலே கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் கோபமாக இருக்கலாம் என்று நினைத்திருந்தாளோ, அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மாவின் முகம் மாறியது. பழைய குறும்பு ஒன்று எட்டிப் பார்த்தது. "உங்கப்பா முதல்ல கடைக்கு ஸ்க்ரூ வாங்கத்தான் வந்தார். ஒரு பாக்கெட். மறுநாள் இன்னொரு பாக்கெட். ஒரு மாசம் வந்தார். அன்னிக்கு வாங்கின ஸ்க்ரூதான் இப்ப நம்ம வீட்டு நாற்காலிக்கெல்லாம் போட்டிருக்கார்னு நினைக்கிறேன்."

"நீ என்ன பண்ணே?"

"நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் வாசலைத் தாண்டிப் போற வரைக்கும் அசைய மாட்டேன். கடைப் பையனுங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க. ஒரு நாள் கடை மூடற நேரம் பார்த்து வந்து நின்னுட்டார். ஷட்டரை இழுக்கணும், எழுந்துதானே ஆகணும்? எழுந்தேன். நடந்தேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. தெருமுனை வரைக்கும் என் கூட மெதுவா நடந்து வந்தார். இன்னி வரைக்கும் அப்படித்தான் நடக்கறார்."

அப்பா எப்போதுமே மெதுவாக நடக்கிறவர் என்றுதான் குட்டி நினைத்திருந்தாள். அதுவே அவர் சுபாவம் என்று.

"எக்ஸ்ரே எடுக்கறது வலிக்காதும்மா."

"வலிக்குப் பயந்தா ஒரு பிள்ளையைப் பெத்திருப்பேனா? தெரிஞ்சுடும். அதுக்குத்தான் பயம்." அம்மா காலி டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு கவுண்டரைப் பார்த்தாள், அங்கிருந்து மேசை வரைக்குமான தரையைப் பார்த்தாள். "நீ டீ எடுத்துட்டு வந்தே பாரு... நேரா வந்தே. கோடு போட்ட மாதிரி." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டரம்மா எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

எக்ஸ்ரே அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாவின் வலது செருப்புக்குள் தடியான கம்பளித் துண்டு ஒன்று, கால் அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து ஒட்டியிருந்தது. வெட்டிய நேர்த்தியைப் பார்த்தாலே அப்பாவின் கைவேலை என்று தெரிந்தது. குனிய முடியாத குட்டி அந்தச் செருப்பைத் தடியின் நுனியால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா உள்ளேயிருந்து வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "இது மகள், ஆபரேஷனுக்கு முன்னால. இது அம்மா, இப்போ." வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் வலது பக்கம், பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை.

"இதோட இத்தனை வருஷம் எப்படி நடந்தீங்க?"

"கடை பக்கத்துலதான் டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதைப் பாருங்க. உங்க மேல தப்பு எதுவும் இல்லை. உங்க அம்மா மேலயும் இல்லை. அந்தக் காலத்துல உங்களுக்கு யாரும் படம் எடுத்துப் பார்க்கல. இப்போ பார்த்தாச்சு. மாத்திடலாம். மகளுக்கு என்ன பண்ணேனோ அதேதான்."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். ஐம்பத்து மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு போல இருந்தது.

"வலது கால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "அதையும் பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவந்துடலாம்."

"உயரம் கூடுமா?"

"கொஞ்சம்."

"ஐயோ! அப்போ நான் அவரைவிட உயரமாயிடுவேனே!"

வெளியே வந்ததும் வராததுமாக அப்பாவுக்குப் போன் போட்டார்கள். முதலில் குட்டியின் சேதி. ரம்பம் நின்றது. "ஓட்டலாமாம்!" என்று அப்பா யாரிடமோ கத்துவது கேட்டது. பிறகு அம்மா போனை வாங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். எக்ஸ்ரே, ஆபரேஷன், ஒரு அங்குலம்.

மறுமுனையில் பென்சில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

"கேக்குதா? உங்களைவிட உயரமாகப் போறேன். சம்மதமா?"

"ஆகு, ஆகு," என்றார் அப்பா. "நான் ஒரு முக்காலி செஞ்சு அது மேல நின்னுக்கறேன்." மூக்கை உறிஞ்சினார். "நிஜமாத்தான் சொல்றியா? எத்தனை தடவை கேட்டிருப்பேன். நிஜமாவே பண்ணிக்கறியா?"

"பண்ணிக்கறேன். போய் வேலையைப் பாருங்க. கதவு கோணலாயிடப் போகுது."

குட்டி ஊன்றுகோல்களைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஒன்-டூ அவற்றை வாங்கிக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது, அம்மாவுக்குத் துணையா வேணா வாங்க," என்றார். அவள் திரும்பி வந்தபோது அம்மா தேதி கொடுக்கிற கவுண்டரை விட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு சிறு சீட்டு; அதைக் கைப்பையின் வெளிப்பையில் செருகினாள்.

"தேதி குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. வீட்டுக்குப் போய் சாவகாசமா பார்த்துக்கலாம். காரைக் கூப்பிடு."

"கார் எதுக்கு?" என்றாள் குட்டி.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த நிறுத்தத்தில் ஏழாம் நம்பர் வந்து நின்றது. குட்டிக்குப் பதில் ஓட்டுகிற டிரைவர் நடைமேடையை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்துவார். அவள் முறைத்த முறைப்பில் பின்னால் எடுத்து, திரும்ப ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்தினார். கண்டக்டர் படிக்கு ஓடி வந்தாள். நாற்பது வயதுக்காரி. அவள் விசில் ஊதினால் இரண்டு தெரு கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவள் விசில் அக்கா.

"அடியே குட்டி! ஒத்தைத் தடியோட நிக்கறே!"

"நான் ஏறறது இருக்கட்டும்க்கா. முதல்ல அம்மா."

அம்மா முதல் படியைப் பார்த்தாள். உள்ளே இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒரு கணம் திரும்பிவிடுவாள் போலிருந்தது.

"ஏறும்போது நல்ல கால் முன்னாடி," என்றாள் குட்டி பின்னாலிருந்து. "உனக்கு இடது. கம்பியைப் பிடி. பாரத்தைக் கையில போடு. அவசரமே இல்லை."

"என்னம்மா, வண்டி கிளம்புமா கிளம்பாதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கிளம்பாது!" என்றாள் விசில் அக்கா திரும்பிப் பார்க்காமலே. "இந்த வண்டி டிரைவரோட அம்மா ஏறறாங்க. அவசரம்னா இறங்கி நடங்க."

இடது கால் மேலே போனது. கை கம்பியில் வெளுத்தது. வலது கால் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஒன். டூ. இரண்டாவது படி. குட்டியும் வலது காலை முன்வைத்து, தடியைச் சேர்த்துத் தூக்கி, ஏறினாள். அம்மா தவழவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, வேர்த்த முகத்தோடு, பஸ் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள்.

பத்து நிமிடத்தில் அம்மா சின்னப் பெண்ணாகிவிட்டாள். எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். மதில்களுக்கு அந்தப் பக்கமெல்லாம் தெரிகிறதே என்றாள். கடை வந்தபோது ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"நம்ம கடை போர்டு மேல பாருடீ, எவ்வளவு தூசி! முப்பது வருஷமா கீழேருந்தே பார்த்திருக்கேன். நாளைக்கே முதலாளிகிட்டச் சொல்றேன்."

முதலாளி வாசலில்தான் நின்றிருந்தார். அம்மா கையை ஆட்டினாள். அவர் யாரோ என்று பார்த்துவிட்டு, பிறகு ஆளை அடையாளம் கண்டு, வாயைத் திறந்தபடி நின்றார். பஸ் நகர்ந்தது. குட்டி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். புது இடுப்பு. அது எதுவும் சொல்லவில்லை.

விசில் அக்கா மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றாள்.

"உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன். டிப்போவுக்குப் பத்துப் புது வண்டி வருது. கிளட்ச்சே கிடையாது."

"என்னது?"

"கிளட்ச் கிடையாது, கியர் மாத்தற வேலையும் கிடையாது. உன் இடது கால் ராஜா மாதிரி சும்மா உட்கார்ந்துட்டு வரலாம். ஓட்டறதுக்குப் பத்துப் பேரை எடுக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும். மேனேஜரே கேட்டார், குட்டி எப்ப வருவான்னு."

குட்டி விசில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயிற்சி எப்போ?"

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி. பத்து நாள், வெளியூர்ல தங்கணும். பன்னிரண்டு வாரம் முடிஞ்சதுன்னு டாக்டர் கடுதாசி இருந்தாப் போதும். இப்ப விட்டா அடுத்த தடவை ஒரு வருஷம் கழிச்சுத்தான்."

பதினெட்டு. விரல் விட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு வாரம் அதற்கு முதல் நாள் முடிகிறது. அளந்து வைத்த மாதிரி! சந்தோஷத்தில் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "பேரைக் குடுத்துடு. இன்னிக்கே குடு," என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். அவள் கை மட்டும் கைப்பையின் வெளிப்பைக்குள் போய், அந்தச் சிறு சீட்டை எடுத்து, நான்காக மடித்து, உள்ளே இருந்த பர்சுக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடியது.

குட்டி பார்த்துவிட்டாள். ஆபரேஷன் தேதி எழுதின சீட்டு அது; அந்தப் பத்து நாளுக்குள்தான் விழுந்திருக்கிறதா?

"அம்மா, அந்தச் சீட்டைக் குடு."

"எந்தச் சீட்டு?"

"அட, டிக்கெட்டா? நான் இன்னும் கிழிக்கவே இல்லையே," என்றாள் விசில் அக்கா.

"டிக்கெட் இல்லக்கா." குட்டி அம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவைப் பற்றி இதுவரை இல்லாத அக்கறை அவளுக்கு வந்துவிட்டது. "நம்ம ஸ்டாப் வந்துடுச்சு போலிருக்கே," என்றாள். "இறங்கும்போது எந்தக் காலை முன்னாடி வைக்கணும்? அதை நீ சொல்லவே இல்லையே."

"முதல்ல சீட்டு," என்றாள் குட்டி. "அப்புறம் கால்."